வளர்ப்புப் பாம்பை எத்தனை நாளுக்கு ஒரு முறை கையில் எடுக்கலாம்?

பாம்பு வளர்க்கத் தொடங்கியவர்கள் முதலில் கேட்பது இரையைப் பற்றி. அடுத்த கேள்வி பெரும்பாலும் இதுதான்: இதை எத்தனை நாளுக்கு ஒரு முறை கையில் எடுக்கலாம்? பதில் சொல்ல ஆளுக்குப் பஞ்சமே இல்லை. தினமும் எடுக்காவிட்டால் முரட்டுத்தனம் வந்துவிடும் என்பார் ஒருவர். பாம்பு பார்த்து ரசிக்க மட்டும்தான், தொட்டாலே அதற்குச் சித்திரவதை என்பார் இன்னொருவர். ‘என் பாம்பு மணிக்கணக்கில் என் கழுத்திலேயே கிடக்கும், என்னை அவ்வளவு பிடிக்கும் அதற்கு’ என்று மூன்றாமவர் ஒரு படத்தையும் எடுத்துக் காட்டுவார்.

பழகிய, ஆரோக்கியமான பாம்பு என்றால் வாரத்துக்கு ஒன்றிலிருந்து மூன்று முறை என்பது அனுபவசாலிகள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. மோசமான கணக்கு இல்லை. ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் அதை மட்டும் பிடித்துக்கொண்டால், நேற்று எலியை விழுங்கிய பாம்பை ‘இன்று செவ்வாய்க்கிழமை ஆயிற்றே’ என்று தூக்கிவிடுவோம். எத்தனை முறை எடுக்கிறோம் என்பதைவிட, போன முறை எடுத்ததிலிருந்து அது முழுக்க மீண்டுவிட்டதா என்பதுதான் கேள்வி. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

ஒரு எல்லையைச் சொல்லிவிடுகிறேன். கூண்டிலேயே முட்டை பொரித்து, அல்லது பிறந்து வளர்ந்த, விஷமில்லாத இனங்களைத்தான் இங்கே மனதில் வைத்திருக்கிறேன்: கார்ன் ஸ்னேக், கிங் ஸ்னேக் (இரண்டும் அமெரிக்கக் கண்டத்துப் பாம்புகள்), பால் பைதான் (மிரண்டால் பந்துபோலச் சுருண்டுகொள்ளும் சிறிய ஆப்பிரிக்க மலைப்பாம்பு), சிறிய போவா வகைகள் (மலைப்பாம்பைப் போல இரையைச் சுற்றி நெரிப்பவை). காட்டிலிருந்து பிடித்த பாம்புக்கு இதில் எதுவும் பொருந்தாது. அதைப் பிடித்ததே தவறு. எந்த இனத்தை வளர்க்கலாம் என்பதும் நாட்டுக்கு நாடு சட்டப்படி மாறும்.

நம் கை அதற்கு என்னவாகத் தெரிகிறது?

நாய் பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதரோடு வாழ்ந்து, மனிதரின் கையை நாடும்படியாகவே மாறிவிட்ட விலங்கு. வளர்ப்புப் பாம்புக்கு அப்படி ஒரு வரலாறே கிடையாது. கூண்டில் பிறந்திருந்தாலும் அதன் உள்ளுணர்வு காட்டுப் பாம்பின் உள்ளுணர்வுதான். பால் பைதானை எடுத்துக்கொள்ளுங்கள். மேற்கு, மத்திய ஆப்பிரிக்கப் புல்வெளிகளில் எலி வளைகளிலும் கறையான் புற்றுகளிலும் பகல் முழுக்க ஒடுங்கிக் கிடக்கும் பிராணி அது. அதன் உலகில், மேலிருந்து இறங்கி வந்து உடலைப் பற்றித் தூக்கும் எதுவும் ஒரே அர்த்தம் கொண்டது: தன்னைத் தின்ன வந்திருக்கிறது.

ஆகவே, முதல் முறை நீங்கள் எவ்வளவு மென்மையாக எடுத்தாலும் பாம்புக்கு அது ஆபத்துதான். பத்தாவது முறையோ இருபதாவது முறையோ அது பதறாமல் இருந்தால், ‘இந்த வாசனையோடு வரும் இந்தச் சூடான பெரிய வஸ்து இதுவரை என்னைத் தின்னவில்லை’ என்பதைக் கற்றுக்கொண்டிருக்கிறது என்று பொருள். அதை அன்பு என்று சொல்ல எனக்குத் தயக்கம். பெரும்பாலான பாம்புகள் சகித்துக்கொள்கின்றன; சில ஆர்வத்தோடு ஊர்ந்து ஆராய்கின்றன. அவ்வளவுதான் உறுதியாகச் சொல்ல முடியும்.

அதற்காக ‘பாம்புக்கு உணர்வே கிடையாது’ என்ற மறுமுனைக்கும் போய்விட வேண்டாம். தென் பசிபிக் ராட்டில் ஸ்னேக் என்ற, வாலைக் கிலுகிலுக்கும் விஷப்பாம்பு இனத்தை வைத்து 2023ல் வெளியான ஓர் ஆய்வில், தனியாக இருக்கும்போது தொந்தரவு செய்யப்பட்ட பாம்புகளைவிட, பக்கத்தில் இன்னொரு பாம்பு இருந்தவற்றின் இதயத்துடிப்பு குறைவாகவே எகிறியது. பயமும் ஆசுவாசமும் அவற்றுக்கு உண்டு. நமக்குப் புரியும் முகபாவம்தான் இல்லை.

அழுத்தம் என்றால் உடலுக்குள் என்ன நடக்கிறது?

‘ஸ்ட்ரெஸ்’ என்று எல்லோரும் சொல்கிறோம். கெட்ட மனநிலை என்பது மாதிரி ஒரு மங்கலான அர்த்தத்தில். உண்மையில் அது உடலின் அவசரகால ஏற்பாடு. அவசரத்துக்குக் கைமாற்று வாங்குவதை நினைத்துக்கொள்ளுங்கள். வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த முறை வாங்கினால் ஒரு சிக்கலும் இல்லை. முதல் கடன் அடையும் முன்னே இரண்டாவது, அது அடையும் முன்னே மூன்றாவது என்று போனால், ஒவ்வொன்றும் சின்னத் தொகையாக இருந்தாலும் கடைசியில் சாப்பாட்டுச் செலவிலேயே கை வைக்க வேண்டி வரும்.

பாம்பின் உடலில் இது நேரடியாகவே நடக்கிறது. ஆபத்து என்று மூளை முடிவு செய்ததும், முதலில் அட்ரினலின் பாய்ந்து இதயத்துடிப்பு ஏறுகிறது. ஓடவோ கடிக்கவோ தசைகள் தயாராகின்றன. சில நிமிடங்களில் அடுத்த கட்டமாக கார்ட்டிகோஸ்டீரோன் என்ற ஹார்மோன் ரத்தத்தில் ஏறத் தொடங்குகிறது. மனிதர்களில் கார்டிசால் செய்யும் வேலையை ஊர்வனவற்றில் செய்வது இதுதான். சேமித்து வைத்த ஆற்றலை எடுத்து உடனடித் தேவைக்குத் திருப்பிவிடுவது இதன் பணி. எங்கிருந்து எடுக்கிறது? செரிமானம், வளர்ச்சி, நோய் எதிர்ப்பு, இனப்பெருக்கம் ஆகிய ‘அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ இலாகாக்களிலிருந்து.

ஆபத்து விலகிவிட்டால் இந்த ஹார்மோன் மெல்லத் தணியும். அதற்குச் சில மணி நேரமாவது ஆகும். பாம்பு தன் பதுங்குமிடத்துக்குள் போன மறு நிமிடமே எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிட்டது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். வெளியே அசைவற்று இருக்கும் பாம்பின் உள்ளே கணக்கு இன்னும் நேர் ஆகியிருக்காது.

இப்படி வந்து, ஏறி, இறங்கிவிடுவது குறுகியகால அழுத்தம். ஆரோக்கியமான பாம்பு இதைத் தாங்கும். இயற்கையில் தினம் தினம் தாங்கத்தான் செய்கிறது. இறங்குவதற்குள் மறுபடி மறுபடி ஏறிக்கொண்டே இருந்தால் அது நீடித்த அழுத்தம். அப்போதுதான் பசி குறைகிறது, எடை கூடுவதில்லை, தோல் சரியாக உரிவதில்லை, சாதாரணமாக வந்து போயிருக்கும் சுவாசத் தொற்றுகூடக் கனமாகப் பிடித்துக்கொள்கிறது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: கையில் எடுப்பது தொடக்கத்தில் எந்தப் பாம்புக்கும் அழுத்தம்தான். ஒரு முறை எடுப்பதால் கேடு இல்லை. மீள்வதற்கு முன் மறுபடி எடுப்பதால்தான் கேடு.

பழகிப்போவதும் மிரட்சி கூடுவதும்

தீங்கில்லாத ஒன்று திரும்பத் திரும்ப நடக்கும்போது உடல் அதற்கு எதிர்வினை காட்டுவதைக் குறைத்துக்கொள்ளும். இதைப் பழக்கப்படுதல் என்போம். பாம்பு ‘சாதுவாகிறது’ என்று நாம் சொல்வதெல்லாம் பெரும்பாலும் இதுதான். அட்ரினலின் எகிறுவது ஒவ்வொரு முறையும் கொஞ்சம் குறைகிறது. மீள்வதற்கான நேரமும் குறைகிறது. அதனால்தான் பழகிய பாம்பை அடிக்கடி எடுக்க முடிகிறது, பழகாததை முடிவதில்லை. இரண்டுக்கும் ஒரே எண்ணைச் சொல்வதில் அர்த்தமில்லை.

இதற்கு நேர் எதிரான ஒன்றும் உண்டு. அனுபவம் கடுமையாக இருந்தால், அல்லது இடைவெளி போதாமல் இருந்தால், எதிர்வினை குறைவதற்குப் பதில் ஒவ்வொரு முறையும் கூடும். மிரட்சி கூடுதல் என்று சொல்லலாம். ‘தினமும் எடுத்தேன், ஆனாலும் போகப்போகக் கடிக்க வருகிறது’ என்று புலம்புபவர்களுக்கு நடந்திருப்பது இதுதான். பாம்பு பாடம் கற்றுக்கொண்டுதான் இருக்கிறது. நாம் நினைத்த பாடத்தை அல்ல.

‘சீறும்போது திரும்ப விட்டுவிட்டால், சீறினால் விடுதலை என்று கற்றுக்கொள்ளும், அதனால் விடாமல் பிடித்து வை’ என்றொரு அறிவுரை பரவலாக உலவுகிறது. இதில் பாதி சரி. கூச்சலுக்குப் பலன் கிடைத்தால் கூச்சல் தொடரும் என்பது எந்த விலங்குக்கும் பொருந்தும். ஆனால் துடித்துப் புரளும் பாம்பை அடக்கிப் பிடித்து வைப்பது அதைவிடப் பெரிய தவறு. மேலே சொன்ன மிரட்சி கூடுவதற்கு இதைவிட நல்ல வழி கிடையாது. என் யோசனை: கையை அசைக்காமல் நிறுத்துங்கள், அது ஒரு கணம் ஓயும், அந்தக் கணத்தில் மெதுவாகக் கூண்டுக்குள் இறக்கிவிடுங்கள். அடுத்த தடவை அது பொறுமை இழப்பதற்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள். இரண்டு நிமிடம் அமைதியாக முடிவது, இருபது நிமிடப் போராட்டத்தைவிட நிறையக் கற்றுக்கொடுக்கும்.

அசையாமல் இருந்தால் அமைதி என்று அர்த்தமா?

இல்லை. தவறாகப் புரிந்துகொள்ளப்படும் விஷயங்களில் எனக்கு மிகவும் உறுத்துவது இது. பால் பைதான் தலையை நடுவில் செருகிக்கொண்டு உருண்டையாகக் கையில் கிடக்கும். ‘பாருங்கள், எவ்வளவு சமர்த்து’ என்று படம் எடுப்பார்கள். அது உயிர் பயத்தின் உச்சம். ஓடினாலும் தப்ப முடியாது என்று தோன்றும்போது அந்த இனம் கடைசியாகச் செய்வது அது.

உண்மையில் நிம்மதியாக இருக்கும் பாம்பு எப்படி இருக்கும் என்று கிட்டத்தில் பார்ப்போம். ஒரு கார்ன் ஸ்னேக்கை உடலின் நடுப்பகுதியில் தாங்கி எடுக்கிறீர்கள். முதல் சில விநாடிகள் உடல் இறுகும். விரல்களுக்கடியில் தசை கெட்டியாவது தெரியும். பிறகு வால் பக்கம் உங்கள் மணிக்கட்டைச் சுற்றி லேசாகப் பிடித்துக்கொள்ளும். விழாமல் இருக்கத் தேவையான அளவு மட்டும். தலை மெல்ல உயர்ந்து முன்னே நீளும். நாக்கு வெளியே வந்து, மேலும் கீழுமாக நிதானமாக இரண்டு மூன்று முறை அலைந்து உள்ளே போகும். கொஞ்சம் ஊரும், நிற்கும், மறுபடி நாக்கு. பிளந்த நாக்கின் இரு முனைகளும் காற்றிலுள்ள வாசனைத் துகள்களைத் திரட்டி, மேல்வாயில் இருக்கும் ஜேக்கப்சன் உறுப்பு என்ற முகர் உறுப்பிடம் சேர்க்கின்றன. நீண்ட, நிதானமான நாக்கசைவு என்றால் பாம்பு ஆராய்கிறது.

அதே பாம்பு பதற்றத்தில் இருந்தால், விரல்களின் மேல் தண்ணீராக வழுக்கி ஓடப் பார்க்கும். எங்கே போகிறோம் என்ற தேர்வே இருக்காது. நீங்கள் கையைச் சற்று நகர்த்தினாலும் உடல் வெட்டி இழுக்கும். நாக்கு சட்சட்டென்று வெளியே வந்து போகும், அல்லது அடியோடு நின்றுபோகும். கழுத்து ‘எஸ்’ வடிவில் வளைந்து பின்னுக்குப் போனால், பாய்வதற்கான தயார்நிலை. கார்ன் ஸ்னேக், கிங் ஸ்னேக் வகைகள் வால் நுனியைப் படபடவென்று அதிர வைக்கும். சீறல் எல்லோருக்கும் தெரியும். கையில் குடலைப் புரட்டும் வாடையோடு ஏதோ பட்டால், வாலடியிலிருக்கும் சுரப்பியிலிருந்து விட்டிருக்கிறது என்று பொருள். கையில் துணி சுற்றிக்கொண்டு தொடர்வதற்கான நேரம் இல்லை அது.

இவை கையில் இருக்கும்போது தெரிபவை. நீடித்த அழுத்தம் கூண்டுக்குள்தான் தெரியும்: வழக்கமாக எடுக்கும் இரையைத் தொடர்ந்து மறுப்பது, மூக்கைக் கண்ணாடியில் தேய்த்துக்கொண்டே அலைவது, விழுங்கியதைக் கக்குவது, பதுங்குமிடத்தை விட்டு வெளியே தலை காட்டாமலே இருப்பது. ஆனால் இரை மறுப்பதை மட்டும் வைத்து முடிவுக்கு வந்துவிடக் கூடாது. வளர்ந்த பால் பைதான், குறிப்பாக ஆண், இனப்பெருக்கக் காலத்தில் மாதக்கணக்கில் சாப்பிடாமல் இருக்கும், எடையும் பெரிதாகக் குறையாது. அது அதன் இயல்பு. வாயைத் திறந்து மூச்சு விடுவது, மூக்கில் குமிழ் வருவது போன்றவை அழுத்தத்தின் அறிகுறிகள் அல்ல, நோயின் அறிகுறிகள். ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும்.

தொடவே கூடாத நாட்கள்

இரை விழுங்கிய பிறகு குறைந்தது 48 மணி நேரம். பெரிய இரை என்றால் 72. இந்த விதியைச் சொல்லாதவர் இல்லை, ஏன் என்று சொல்பவர் குறைவு.

பாம்பின் வயிறு நம்முடையதுபோல எப்போதும் தயாராக இருப்பதில்லை. பர்மிய மலைப்பாம்பில் இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு (7 என்றால் நடுநிலை, குறையக் குறைய அமிலம்) வெறும் வயிற்றில் 7ஐ ஒட்டி இருக்கிறது. இரை உள்ளே போன ஒரு நாளில் அது 2க்கு இறங்கி, பிறகு 1.5ஐத் தொடுகிறது. கூடவே சிறுகுடல் கனத்து ஏறக்குறைய இரு மடங்காகிறது. உடல் ஆற்றலைச் செலவழிக்கும் வேகம் பல மடங்கு எகிறுகிறது. ஒரு சாப்பாட்டுக்காக உடலே தன்னைத் திருத்திக் கட்டிக்கொள்கிறது என்று சொல்லலாம். மற்ற இனங்களில் அளவு வேறுபடும், போக்கு இதுதான்.

இந்த நேரத்தில் தூக்கினால் என்ன ஆகும்? ஆபத்தில் இருக்கும் பாம்புக்கு வயிற்றில் இருக்கும் எலி ஒரு சுமை. எடையைக் குறைத்துத் தப்பிக்க அதைக் கக்கிவிடும். அரைகுறையாகச் செரித்த இரையோடு அந்தக் கடும் அமிலமும் தொண்டை வழியாக வரும். உணவுக்குழாய் புண்ணாகும், உடலிலிருந்து நீரும் போகும். நமக்கு வாந்தி எடுத்து மறுவேளை சாப்பிடுவது மாதிரி இல்லை இது. பத்து நாளிலிருந்து இரண்டு வாரம் வரை இரை கொடுக்காமல் ஆறவிட்டு, அப்புறம் வழக்கத்தைவிடச் சிறிய இரையாகத் தொடங்க வேண்டும். அதற்குள் எந்தக் காரணத்துக்காகவும் கையில் எடுக்கக் கூடாது. இரண்டாம் முறையும் கக்கினால் மருத்துவர்.

அடுத்தது சட்டை உரிக்கும் காலம். பாம்புக்கு இமை கிடையாது. கண்ணை மூடியிருப்பது கண்ணாடிபோன்ற ஒரு செதில். உரிப்பதற்குச் சில நாள் முன்பு பழைய தோலுக்கும் புதிய தோலுக்கும் இடையே திரவம் நிறைவதால் அந்தச் செதில் நீலம் கலந்த பால் நிறமாக மங்கும். பார்வை தெளிவில்லாத நிலையில் எது நெருங்கினாலும் அதற்குத் திடுக்கிடல்தான். அதோடு கீழே உருவாகும் தோலும் மென்மையாக இருக்கும். சில நாளில் கண் மறுபடி தெளிந்துவிடும். உடனே ‘முடிந்துவிட்டது’ என்று எடுத்துவிடுகிறார்கள். சட்டை உண்மையில் கழல்வது அதற்கும் சில நாள் கழித்துத்தான். முழுசாகக் கழலும் வரை பொறுங்கள்.

புதிதாக வந்த பாம்பை ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரை விட்டுவிட வேண்டும். என்னைக் கேட்டால் நாட்களை எண்ணுவதைவிட, இரண்டு மூன்று முறை ஒழுங்காகச் சாப்பிட்டு, கழிவை வெளியேற்றியதா என்று பார்ப்பது மேல். முட்டையோ குட்டியோ சுமக்கும் பெண் பாம்பையும், நோயிலிருந்து தேறும் பாம்பையும் அவசியம் இல்லாமல் தொட வேண்டாம்.

சரி, எண் என்ன?

இப்போது சொன்னால் அர்த்தம் இருக்கும். வந்து, சாப்பிட்டு, நிலைகொண்டுவிட்ட இளம் பாம்பு: வாரத்துக்கு ஒன்று அல்லது இரண்டு முறை, ஐந்து நிமிடம் போல. குட்டிகளுக்கு எல்லாமே தங்களைத் தின்பவைதான், அதனால் சீறலும் பாய்ச்சலும் கூடுதலாக இருக்கும். அதைக் குணம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பழகிய பெரிய பாம்பு: வாரத்துக்கு இரண்டு, மூன்று முறை, பத்து முதல் இருபது நிமிடம். அரை மணிக்கு மேல் போக வேண்டிய காரணம் எனக்குத் தெரியவில்லை. பாம்பு உடல் வெப்பத்தை வெளியிலிருந்து பெறும் பிராணி. கூண்டில் ஒரு முனை 31, 32 டிகிரி செல்சியஸ், மறுமுனை 26 என்று அது தேர்ந்தெடுத்துக்கொள்ளும் வசதி இருக்கும். குளிர்ந்த அறையில் உங்கள் தோளில் அந்தத் தேர்வு இல்லை.

ஒரே நாளில் இரண்டு முறை எடுப்பதைத் தவிருங்கள். வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தால் இந்த விதிதான் முதலில் உடையும். அப்புறம், பத்து நாளுக்கு ஒரு முறை இரை கொடுத்து, அதன்பின் இரண்டு மூன்று நாள் விட்டு, நடுவில் சட்டை உரிக்கும் வாரமும் வந்தால், ‘வாரத்துக்கு மூன்று’ என்பது நடைமுறையில் மாதத்துக்கு ஐந்தாறு முறையாகவே நிற்கும். அதில் கெடுதல் ஒன்றும் இல்லை. சில வாரம் இடைவெளி விழுந்தால் பாம்பு ‘காட்டுத்தனமாகி’விடாது, கொஞ்சம் துடிப்பாக இருக்கும், ஓரிரு முறையில் சரியாகிவிடும்.

சுருக்கமாக: முதலில் கூடாத நாட்களைக் கழித்துவிடுங்கள். மீதியில், கடைசியாக எடுத்தபின் பாம்பு வழக்கம்போல் உலவி, வழக்கம்போல் சாப்பிட்டதா என்று பாருங்கள். ஆம் என்றால் எடுக்கலாம்.

எடுக்கும் விதம்

எண்ணிக்கை சரியாக இருந்தும் எடுக்கும் விதம் தவறாக இருந்தால் பயனில்லை. முதலில் கையைக் கழுவுங்கள். எலியைத் தொட்ட கை பாம்புக்கு எலிதான். பால் பைதான் போன்றவற்றின் உதட்டோரத்தில் வெப்பத்தை உணரும் குழிகள் வரிசையாக இருக்கும், ஆகவே வாசனையோடு சூடும் சேர்ந்தால் குழப்பமே இல்லாமல் கடிக்கும். அது கோபக் கடி அல்ல, பசிக் கடி, விடாமல் சுற்றிக்கொள்ளும். அப்போது கையை இழுக்காதீர்கள், பற்கள் உள்நோக்கி வளைந்தவை. இந்தக் குழப்பத்தைத் தவிர்க்க, எடுப்பதற்கு முன் ஒரு கொக்கியாலோ காகிதச் சுருளாலோ உடலை மெல்லத் தொட்டு, ‘இது சாப்பாட்டு நேரம் இல்லை’ என்று பழக்கிவிடுவார்கள். எளிய உத்தி, நன்றாக வேலை செய்கிறது.

மேலிருந்து பாய்ந்து எடுக்காமல் பக்கவாட்டிலிருந்து கையைக் கொண்டுபோங்கள். தலையையோ வாலையோ பிடிக்காமல், உடலின் நடுவில் ஒரு கை, பின்பகுதியில் ஒரு கை. இருநூறுக்கும் மேற்பட்ட முதுகெலும்புகளும் விலா எலும்புகளும் கொண்ட நீண்ட உடல் அது. தாங்கல் இல்லாமல் தொங்கும்போது விழப்போகிறோம் என்ற பதற்றமும் சேர்ந்துகொள்ளும். அழுத்திப் பிடிக்காதீர்கள்: பாம்புக்கு உதரவிதானம் இல்லை, விலாத் தசைகளை அசைத்துத்தான் மூச்சு விடுகிறது. எட்டு, பத்து அடிப் பாம்பு என்றால் இன்னொரு பெரியவர் பக்கத்தில் இல்லாமல் எடுக்கவே கூடாது.

அவசரம் இல்லாதவர்களுக்கு இன்னொரு வழி. கூண்டைத் திறந்து வைத்து, கையை உள்ளே அசைக்காமல் வைத்திருங்கள். வருவதும் வராததும் அதன் விருப்பம். பல பாம்புகள் சில வாரங்களில் தாமே ஏறி வரத் தொடங்கும். நேரம் பிடிக்கும், படம் எடுக்க எதுவும் இருக்காது. ஆனாலும் பயந்த சுபாவமுள்ள பாம்புக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வேன்.

இரை கொடுப்பதற்காகப் பாம்பை வேறு பெட்டிக்கு மாற்றும் வழக்கத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். ‘கூண்டிலேயே கொடுத்தால் கையைக் கண்டதும் கடிக்கும்’ என்பது அதற்கான காரணம். நடப்பதோ, சாப்பிட்ட கையோடு, தொடவே கூடாத நேரத்தில், பசி வெறி அடங்காத பாம்பைத் தூக்கி மறுபடி கூண்டில் விடுவது. அது கடிப்பதற்கும் கக்குவதற்கும் இதைவிடத் தோதான நேரம் இல்லை. கூண்டிலேயே இடுக்கியால் கொடுங்கள்.

விட்டபின் மறுபடியும் கையை சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். பார்க்க ஆரோக்கியமாக இருக்கும் பாம்பும் சால்மொனெல்லா கிருமியைச் சுமக்கலாம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், கர்ப்பிணிகள், நோய் எதிர்ப்பு குறைந்தவர்கள் தொடாமல் இருப்பதே நல்லது.

ஒருபோதும் பழகாத பாம்பு

எல்லா விதியையும் பின்பற்றி, மாதங்கள் பல போன பின்னும் சில பாம்புகள் ஒவ்வொரு முறையும் அதே பதற்றத்தைக் காட்டும். முதலில் கூண்டைச் சந்தேகப்படுங்கள். உடல் நெருக்கமாக உரசும்படியான பதுங்குமிடம் சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று இருக்கிறதா, வெப்பம் சரியா, பக்கத்தில் தொலைக்காட்சியோ ஒலிபெருக்கியோ அதிர்ந்துகொண்டிருக்கிறதா? பாம்புக்குக் காது துளை இல்லாவிட்டாலும் தாடை எலும்பு வழியாக அதிர்வையும் தாழ்ந்த ஒலிகளையும் உணரும். இவை சரியில்லாமல் இருந்தால், நீங்கள் கையில் எடுக்கும் முன்பே அதன் கடன் ஏறியிருக்கும்.

எல்லாம் சரியாக இருந்தும் மாறவில்லை என்றால் அதன் சுபாவமே அதுதான். அதைப் பழக்கியே தீர வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. கூண்டு சுத்தம் செய்யும்போது ஒரு முறை, எடை பார்க்கும்போது ஒரு முறை என்று மாதத்துக்கு இரண்டு தடவையோடு நிறுத்திக்கொள்ளலாம். ஒரு மூடியுள்ள பெட்டியை உள்ளே வைத்து அதுவாக ஊர்ந்து போகவிட்டால் தூக்கவே வேண்டியிருக்காது. பெட்டியோடு எடை பார்த்து, பெட்டியின் எடையைக் கழித்துக்கொள்ளலாம். அந்த நேரத்திலேயே வால் நுனியில் பழைய தோல் வளையமாகச் சிக்கியிருக்கிறதா, கண்ணைச் சுற்றி உண்ணிகள் கறுப்புப் புள்ளிகளாகத் தெரிகின்றனவா என்று பார்த்துவிட்டால், அதற்காகத் தனியாக ஒரு முறை எடுக்க வேண்டியதில்லை.